ராணியின் அளவில் ஒரு காகிதப் பெண்

மதியம் மூன்றரை மணி. அருப்புக்கோட்டைக்குப் போகும் பஸ் எங்கள் ஊரான பரளச்சியைத் தாண்டியபோது கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. வீடு முழுக்க மைதாப் பசையும் பூச்சி அரிக்காமலிருக்க அதில் போட்ட மயில்துத்தமும் கலந்த புளித்த வாசம் நின்றது. கொல்லையிலிருந்து கையை முந்தானையில் துடைத்தபடி வந்த வசந்தா சித்தி, வீட்டுக்கு முன்னால் சோளத்தட்டை அடுக்கிய படப்போரம் வெயிலுக்குச் சாத்தி வைத்திருந்த காகிதப் பெண்ணைக் காணோம் என்றாள். சற்று நேரத்தில் என் தங்கை ராணியையும் காணோம் என்று தெரிந்தது. அன்று அவளுக்கு ஏழு வயது நிறைந்த நாள்.

எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் பிறந்தநாளுக்கு ஆள் அழைத்துப் பலகாரம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அது முழுக்கச் சித்தியின் யோசனை. அம்மாவின் கடைசித் தங்கையான அவள், டவுனில் தையல் படித்து முடித்த கையோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவள் கை படாத காகிதம் எங்கள் வீட்டில் மிஞ்சியதில்லை. கலர்த்தாளை வெட்டிச் சங்கிலி கோத்து உத்தரத்துக்கு உத்தரம் தொங்கவிட்டாள். பழைய காலண்டர் தாளைத் தாமரை போல் மடித்து, விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கேசரி வைத்துக் கொடுக்கும் கிண்ணமாக்கினாள். எந்த உடுப்பையும் முதலில் செய்தித்தாளில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்திரியை வைப்பாள்.

ராணிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு கவுன் தைக்க முடிவானபோது, அதைப் போட்டுப் பார்க்கக் கடைகளில் நிற்பது போல் ஒரு "மாடல்" வேண்டும் என்று சித்திக்குத் தோன்றியது. ராணிக்கு ஒரு பழைய பாவாடைச் சட்டையை மாட்டி, முற்றத்தில் நிற்க வைத்து, பசையில் நனைத்த செய்தித்தாள் பட்டைகளைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை சுற்றினாள். மேலாகக் காய்ந்ததும் முதுகுப் பக்கம் கத்திரியால் பிளந்து ராணியை வெளியே எடுத்தாள். எடுத்த பிறகும் ராணி அங்கேதான் நின்றாள், உள்ளே ஒன்றும் இல்லாமல். அந்தக் கூட்டுக்குள் சோளத்தோகையைத் திணித்து, பிளவை ஒட்டி, பலூனின் மேல் தாள் ஒட்டித் தலை செய்து, கைகால் சேர்த்தாள். முகம் மட்டும் எழுதவில்லை.

"முகம் இருந்தா வர்றவுக கண்ணு முகத்துக்குத்தான் போகும். உடுப்ப யாரு பாப்பா?" என்றாள்.

கவுனை மாட்டி, கையில் தாம்பாளம் கொடுத்து, வாசலில் நிறுத்தி விருந்தாளிகளுக்கு மிட்டாய் நீட்ட வைப்பது என்பது அவள் திட்டம். அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"உசுரோட இருக்கிற பிள்ளைக்கு உருவம் செய்வாகளாடி?"

"சவுளிக்கடையில பொம்மைக்குச் சேலை சுத்தி நிப்பாட்டலையாக்கா?"

"அந்தப் பொம்மை எம்பிள்ள அளவுலயா நிக்குது?"

ஈரம் சுண்டச் சுண்டக் காகிதம் இறுகி, உள்ளேயிருந்து மெல்ல "டப், டப்" என்று ஓசை வந்தது. நான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவரை ஒட்டிப் போனேன். ராணிக்குப் பயமே இல்லை. பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டாள். "இவ மூச்சு விடுறா" என்றாள். தானே அதற்குத் தன் பெயரையும் வைத்தாள். சாப்பிடும்போது "ராணிக்கும் ஒரு வாய்" என்று உருண்டையை நீட்டிவிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் மழை அடியோடு பொய்த்திருந்தது. முளைத்த கம்பு சாண் உயரத்தில் சுருண்டு நின்றது. பருத்திக்குப் போட்ட விதை மண்ணுக்குள்ளேயே பொரிந்துவிட்டது. இப்படி நேர்ந்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி இழுப்பார்கள். ஊரின் பாவத்தையெல்லாம் சுமக்கிறவள் என்று வைக்கோலால் ஒரு பெண்ணுருவம் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தபடி ஊர் எல்லைவரை வருவார்கள். அதற்குமேல் ஆண்கள் மட்டும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டுத் தலை முழுகி வருவார்கள். அதற்கு வேண்டிய வைக்கோலும் பழந்துணியும் வீட்டுக்கு வீடு வாங்குவது வழக்கம். ஊர்க்கூட்டத்தில் எங்கள் அப்பாவும், "எங்க படப்புலயும் வேண்டியத எடுத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். இழுக்கிற நாளும் ராணியின் பிறந்தநாளும் ஒன்றாக அமைந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

கைகாலுக்குப் பூசிய வர்ணம் உலரட்டும் என்று சித்தி கவுனோடு அதைப் படப்பில் சாத்தியிருந்தாள். நாங்கள் கொல்லையில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் ஒரு பெண்ணுருவம் தயாராகவே சாய்ந்து நின்றிருக்கிறது.

சித்தி முதலில் சிரித்தாள். "ரெண்டு ராணியும் சேந்து எங்கயோ ஒளிஞ்சிருக்காளுக" என்றாள். குதிர்ப்பக்கம், மாட்டுக்கொட்டம், பக்கத்து வீடு என்று பார்த்துவிட்டு வந்தபோது தெற்குத் தெருவிலிருந்து அழுகுரல் எழுந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எழும் அதே குரல், ஊரளவுக்கு. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

முக்கில் கூட்டம் திரும்பியது. புழுதிக்குள் குப்புற இழுபட்டு வந்தது மயில்கழுத்து நிறக் கவுன். ஒரு காகிதக் கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை ஒப்பாரியோடு ஒப்பாரியாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கயிறு பிடித்திருந்த கருப்பையாச் சித்தப்பா, அப்பாவின் பங்காளி, எங்கள் பக்கம் திரும்பி, "என்னா லெச்சணமா செஞ்சு குடுத்திருக்கீக மதினி! இந்தத் தடவ மழைக்குத் தப்ப வழியில்ல" என்றார்.

"நிப்பாட்டுங்க! அது எம்பிள்ள கவுனு! எம்பிள்ளையக் காணோம்!"

அவர் முகம் மாறியது. ஆனால் கயிறு நிற்கவில்லை. எடுத்ததைப் பாதியில் இறக்கினால் பாவம் அந்தத் தெருவிலேயே தங்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. "எடுத்தாச்சே மதினி, எறக்கக் கூடாதே" என்று சொல்லிக்கொண்டே, அழாத குறையாக, இழுத்துப் போனார். எல்லையில் பெண்கள் நின்றார்கள். அம்மாவையும் பிடித்து நிறுத்தினார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது, அழைத்திருந்த விருந்தாளிகள் புது உடுப்பும் பவுடருமாக வாசலில் வந்து நின்றார்கள். வாத்தியார் வீட்டம்மா என் காதருகே குனிந்து, "யாரும்மா தவறிட்டாக?" என்று கேட்டார். காற்றில் கலர்த்தாள் சங்கிலிகள் சரசரத்தன. தாமரைக் கிண்ணங்களில் கேசரி ஆறி இறுகிக்கொண்டிருந்தது. அப்பாவும் இன்னும் சிலரும் பாழ்கிணற்றுப் பக்கம் ஓடினார்கள். சித்தி தரையில் கிடந்த தாள் வெட்டுகளைப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கண்மாய்க்கரைக்கு அப்பால் சுடுகாட்டிலிருந்து புகை கிளம்பியதை எல்லோரும் பார்த்தோம்.

ராணி கிடைத்துவிட்டாள்; படிக்கிறவர்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை. இன்று காரியாபட்டியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா" என்கிறாள். மழையும் அந்த வாரமே கொட்டியது. "ஒங்க ராணி கொண்டாந்த மழை" என்று ஊரார் பாராட்டினார்கள். அம்மா அந்த மழையில் ஒரு சொட்டைக்கூடக் குடத்தில் பிடிக்கவில்லை. சித்தி அதன்பின் எந்தப் பிள்ளைக்கும் காகிதத்தில் அளவு வெட்டியதில்லை.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். ஆடை வடிவமைப்புப் படிக்கப் போகிறேன் என்கிறவள், போன வாரம் தன் பழைய பனியனை மாட்டிக்கொண்டு, தோழியிடம் உடம்பைச் சுற்றிச் செய்தித்தாளும் டேப்புமாக ஒட்டச் சொல்லி, முதுகைப் பிளந்து கழற்றி, தன் அளவிலேயே ஒன்றை நிறுத்தியிருக்கிறாள். பிறந்தநாளுக்கு அதற்குப் பத்திரிகைத் தாளில் பாவாடை கட்டி, வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்குப் பழரசம் கொடுக்க வைக்கப் போகிறாளாம். நான் அவளுக்கு எதையும் சொன்னதில்லை. எல்லாம் போனில் பார்த்ததுதான் என்கிறாள். இப்போது நாங்கள் இருக்கும் அருப்புக்கோட்டை வீட்டு ஹாலில் அது நிற்கிறது. காலையில் எழுந்ததும் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

"ஏம்மா, அது ஒன்னய என்ன செஞ்சது?" என்று மகள் சிரிக்கிறாள். அவள் கல்லூரிப் படிவம் வாங்கப் போய் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் தெருமுனைவரை போய் நிற்கிறேன்.

பரளச்சியில் எங்கள் படப்பு இருந்த இடம் இப்போது வெறும் மனை. கண்மாயைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. கொடும்பாவி இழுக்க ஆள் சேர்வதில்லை; மழை வருமா என்று போனில் பார்த்துக்கொள்கிறார்கள். ஒப்பாரி தெரிந்த பெண்களும் போய்விட்டார்கள். அந்த அந்தியில் எங்கள் வாசலில் நின்றவர்களில் அநேகர் இல்லை. இருக்கிறவர்களும், அன்று கடைசியில் யார் வந்தது, என்ன சொன்னது என்பதை மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் மறக்கவில்லை.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் எல்லோரும் தலை முழுகித் திரும்பிவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம். கண்மாய்க்கரையிலிருந்து ஒற்றையாக இறங்கி, தெருவின் நடுவே, அவசரமில்லாமல் ராணி வந்தாள். உடம்பெல்லாம் புழுதி, கன்னத்தில் கண்ணீர் ஓடிய தடம். கூட்டத்துக்குப் பின்னாலேயே கருவேல மரங்களுக்குள் மறைந்து மறைந்து போயிருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, சாவு வீட்டுக்குப் போய் வந்த பெரிய மனுஷியைப் போலச் சொன்னாள்:

"ராணிய எரிச்சுட்டாகம்மா. அங்கன பூராம் ஆம்பளைக, அழுக ஒரு ஆளு இல்ல. அதான் நான் இருந்து அழுதுட்டு வாரேன்."