சைனப்பின் எருமைகளும் வட்டமடித்த விமானங்களும்

செம்பூரில் அப்போது வயல்கள் இருந்தன. அவற்றின் நடுவே தகரக் கூரை போட்ட எருமைக் கொட்டில் ஒன்றும் இருந்தது. கொட்டிலுக்கு அந்த ஊர் இந்தியில் தபேலா என்று பேர்; 'சைனப் தபேலா' என்றால் குர்லா வரைக்கும் தெரியும். மேலப்பாளையத்திலிருந்து கணவனோடு வந்தவள் சைனப். அவர் மவுத்தான பிறகு சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். "எருமைய யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் தொல்லை தொடங்கியது. மேகம் கவிந்தால் விமானங்களால் இறங்க முடியாது. முறை வரும்வரை செம்பூருக்கு மேலேயே தாழ வட்டமடிக்கும். கூரை அதிரும். எருமைகள் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். ஒரு நாள் சினை எருமை ஒன்று கன்று வீசியது. சைனப் அந்தக் கன்றைப் புதைத்தாள், கையைக் கழுவினாள், நேராக விமான நிலையத்துக்குப் போனாள்.

அதிகாரி இங்கிலீஷில்தான் பேசினார். மாட்டுங்காவிலிருந்து வேலைக்கு வரும் குமாஸ்தா பஞ்சாபகேசன் அதைத் தமிழில் சொன்னார்.

"ஒண்ணு எறங்கினாத்தாம்மா அடுத்தது எறங்க முடியும். அதுவரைக்கும் மேலயே சுத்தணும். கீழ ஆள் இல்லாத எடமாப் பாத்துத்தான் வெச்சிருக்கா."

"அப்ப நான் ஆளு இல்லியா, ஐயரே?"

அதிகாரி மறுபடி ஏதோ சொன்னார்.

"எருமைகளை வித்துட்டு வேற எடம் பாத்துக்கச் சொல்றார்."

"அவரு வேணும்னா பிளேனை விக்கட்டும்!"

இதைப் பஞ்சாபகேசன் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் எருமைகளை அவிழ்த்தாள். பக்கத்தில் கீரை போடும் சொரிமுத்து பதறினான்.

"சர்க்காரோட மல்லுக்கு நிக்காதீய, அக்கா!"

"வாரியா, வரலியா? அத மட்டும் சொல்லு."

அவன் பின்னால் நடந்தான்.

விமான நிலையத்து வாசல் சாலையை எருமைகள் அடைத்துக்கொண்டன. கார்கள் ஹார்ன் அடித்து ஓய்ந்தன. போலீஸ்காரன் லத்தியை ஓங்கியபோது சைனப் எருமைக்கு முன்னால் வந்து நின்றாள். அதிகாரி ஓடிவந்தார், கூடவே பஞ்சாபகேசனும்.

"நாங்களும் முறைக்குத்தான் காத்துக் கிடக்கோம். மேகம் விலகட்டும், போறோம். சொல்லும், ஐயரே."

இந்தத் தடவை அவர் ஒரு சொல் விடாமல் சொன்னார். முந்தின நாள் விழுங்கிய பிளேன் விஷயத்தையும் சேர்த்தே சொன்னார். அதிகாரியின் முகம் சிவந்தது. காரில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு விமானி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "கடலுக்கு மேல சுத்தினா எங்களுக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது" என்று அவர் சொன்னதைப் பஞ்சாபகேசன் உரக்கவே தமிழாக்கினார்.

சைனப்பைப் போலீஸ் சவுக்கியில் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். மன்னிப்புக் கேட்டால் விடுவதாகச் சொன்னார்கள். கேட்கவில்லை; அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். எருமைகளைச் சொரிமுத்து ஓட்டிப் போயிருந்தான்.

மழை முடிவதற்குள் விமானங்கள் கடல் பக்கம் நகர்ந்தன. எப்போதாவது ஒன்று வழிதவறினாற்போல் செம்பூர்மேல் வந்து சுற்றும்.

"அதான் பெரும்பாலும் போயிருச்சே, அக்கா" என்றான் சொரிமுத்து.

"இன்னும் ஒண்ணு வருதுல்லா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும் குர்லா ரோட்டில் நடக்கத் தொடங்கினாள் சைனப்.