மூக்குக்குக் கிடைத்த வேலை

கும்மிடிப்பூண்டியில் எனக்குச் சம்பளம் கொடுத்தது என் மூக்குக்காக. சொன்னால் சிரிப்பார்கள். சணல் நாரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சூட்டில் அழுத்திக் கார் கதவின் உள்பக்கத் தகடு செய்கிற கம்பெனி அது. கண்ணாடி நாரைவிட எடை குறைவு, கையில் பட்டால் அரிக்காது. ஆனால் செடியிலிருந்து வந்த நார், ஈரத்தைக் குடிக்கும். சரியாகக் காயவைக்காமல் அழுத்தினால் வெயிலில் நிற்கும் காருக்குள் ஈரச்சாக்கு நாற்றம் அடிக்கும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தடவையாகச் செய்யும் சரக்கிலும், ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிச் சீசாவில் போட்டுச் சூடாக்குவார்கள். நாங்கள் மூன்று பேர் முகர்ந்து, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போடுவோம். ஒன்று என்றால் வாசனையே இல்லை; ஆறு என்றால் கிட்டவே போக முடியாது. சராசரி மூன்றரையைத் தாண்டினால் லாட் கேட்டைத் தாண்டாது.

இந்த வேலைக்காகப் பூ வைப்பதை விட்டேன், பவுடரை விட்டேன், காலைக் காபியையும் விட்டேன். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய்வந்தால் கற்பூர வாசம் போகத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஷிப்டுக்கு வருவேன். வீட்டில் மோப்ப நாய் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு காய்ச்சலோடு அந்த மோப்பம் போய்விட்டது. அடுப்பில் பால் கருகுவதை மகள் ஓடிவந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாலு நாளில் திரும்பிவிடும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. திரும்பவில்லை. முகரத் தெரியாதவளை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்ற பயம். வழக்கமாக நான் அடிக்கடி போடுவது இரண்டுதான். அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டேன். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

நல்ல மழை பெய்த வாரத்தில் ஒரு லாட்டுக்கு மற்ற இருவரும் நாலு போட்டிருக்கிறார்கள். நான் இரண்டு. கூட்டி வகுத்ததில் லாட் தப்பித்துப் போய்விட்டது. சில நாளில் கார் கம்பெனிக்காரர்கள் லாரியோடு திருப்பி அனுப்பினார்கள்.

நாரைக் காயவைக்கிற டிரையரில் ஆறு வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தவர்மேல் பழி விழுந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். அவர் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். இவருக்கு அந்த வருடம் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு இருந்தது. விசாரணையில் அவர் என் மதிப்பெண் தாளைத்தான் காட்டினார்.

"அக்கா ரெண்டு போட்டுகீறாங்க சார். அவங்க மூக்குக்கு எதுவும் தப்பாது. நான் சரியாத்தான் காயவச்சேன். குடோன்லதான் நனைஞ்சிருக்கும்."

மேனேஜர் திரும்பி வந்த தகட்டின் துண்டைச் சூடாக்கி என்னிடம் நீட்டினார். "முகர்ந்து பாருங்கம்மா. அன்னைக்கும் இதே வாசனை இருந்ததா?"

மூடியைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவர் முகத்தைச் சுளித்து நகர்ந்தார். எனக்கு வெறும் சூடுதான் பட்டது. டிரையர்காரர் துளியும் சந்தேகமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வாசனையே தெரியல சார். ரெண்டு மாசமா."

சொன்னதும் நெஞ்சு லேசானது. வெட்கமில்லாமல், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மேனேஜர் பேனாவை எடுத்து என் இரண்டை அடித்தார். மிச்சம் இருந்தவை இரண்டு நாலுகள், சராசரியும் நாலு. லாட் செய்யும்போதே கெட்டுப்போனது என்று முடிவாகிவிட்டது. எனக்கு நிரந்தர வேலை என்பதால் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அவரைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் பேசினார், கோபமே இல்லாமல்.

"சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கணும்க்கா. சரக்கு உள்ளயே நின்னுருக்கும். இல்லாங்காட்டி இன்னிக்கும் சொல்லாம இருந்திருக்கலாம்."