மெக்கானிக் வீட்டுப் பழுது

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக் கொஞ்ச நாளாக இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருடமாக ஊரார் வீட்டுப் பழுதைப் பார்க்கிறவர். டிரம் சுற்றுகிற சத்தத்தைப் போனில் கேட்டே, "பெல்ட் போச்சும்மா" என்று சொல்லிவிடுவார். வெளியே உடும்பு பிடிக்கிற மனிதருக்கு வீட்டில் ஓணான் அகப்படவில்லை. ஐந்து நாளாக மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் "ம்", இல்லாவிட்டால் "சரி". சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். எப்போது திரும்புவாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கப் பயம். அதனால் புதன்கிழமை, ஒழுகிய சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். "சரி" என்றாள். வியாழன் அன்று டிவி சத்தத்தைக் குறைத்தார். அதற்கு "ம்". ஒரு பாகத்தை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம்தான் அடுத்ததைத் தொடு என்பது தொழிலில் அவர் கட்டிக் காத்த நியதி. வெள்ளிக்கிழமை அதுவும் காற்றில் பறந்தது. கைப்பை வாங்கி வந்தார், துணி மடித்தார், பாத்திரம் கழுவினார், எல்லாம் ஒரே நாளில். அவள் சிரித்திருந்தாலும் எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்திருக்காது. நல்லவேளை, சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் துணிப்பையை மூடத் தொடங்கினாள். மெக்கானிக் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைசியில், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்கிற கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

"எப்ப இருந்து இப்படி?"

அவள் ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். "மூணு வருஷமா."

"அஞ்சு நாள்தானே ஆச்சு?"

"உங்களுக்குத் தெரிஞ்சு அஞ்சு நாள். அப்ப எங்கம்மா இறந்து ஒரு மாசம் இருக்கும். அவங்க குரல் மறந்துடுமோன்னு பயமா இருக்குன்னு உங்களுக்குப் போன் பண்ணினேன். 'மெஷினைக் கழட்டிப் போட்டிருக்கேன், அப்புறம் பேசலாம்'னீங்க. அன்னைக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா பேசறதை நிறுத்திக்கிட்டேன்."

அப்படி ஒரு போன் வந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. "உங்க அக்காகிட்ட பழைய வீடியோ ஏதாவது இருக்கும், நான் வாங்கி..."

"இப்ப எதையும் சரி பண்ணாதீங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். "உங்கம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

அவள் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு நெடுநேரம் பேசினாள், நடுவில் அழுதாள். நாலு மணி பஸ் போய்விட்டது. ஆறு மணி பஸ்ஸில் ஏறும்போது, புதன்கிழமை வந்துவிடுவேன் என்றாள்.