அட்சதை எங்கே விழுகிறது?

கல்யாண வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது உள்ளூர நடுங்குகிறவர்கள் இரண்டு பேர்: சமையல்காரர், படம் எடுக்கிறவர். சமையல்காரருக்காவது முடிவு அன்றைக்கே தெரிந்துவிடும். எனக்கோ ஃபிலிம் பம்பாய் போய், கழுவப்பட்டு, தபாலில் திரும்ப ஒரு மாதம் ஆகும். கேமராவைத் தோளில் சுமக்கும் சகோதரர்களே, அந்த ஒரு மாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தருவியில் தாசில்தார்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். சாவி முடுக்கி ஓட்டும் சின்ன சினிமா கேமரா ஒன்று கைக்கு வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு திருகு. வழக்கமாகப் பதினாறில், அதாவது வினாடிக்குப் பதினாறு படத்தில், நிற்கும். அறுபத்துநாலுக்குத் திருப்பி எடுத்தால், திரையில் ஒரு வினாடி நாலு வினாடியாக நீளும். நம் பழைய இலக்கணக்காரர்கள் காலத்தைக் கண்ணிமைப்பால் அளந்தார்கள். இமை மூடியிருந்த நேரத்தில் எதிரே என்ன நடந்தது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட எனக்கு ஆசை.

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போய், குளிப்பவர்களை அறுபத்துநாலில் எடுத்தேன். ஸ்டூடியோ சுவரில் ஓட்டிப் பார்த்தால், தண்ணீர் தலையில் விழும் கணத்தில் எல்லாருக்கும் ஒரே முகம். கண்டால் ஊரே எழுந்து நிற்கும் தாசில்தார்கூட வாயைப் பிளந்து, கண்ணை இறுக்கி, ஆறு வயதுப் பிள்ளையானார். பிறகுதான் மெல்ல மெல்லப் பழைய முகம் திரும்பியது. இருட்டறை வேலை பார்த்த என் கூட்டாளி ஜேம்ஸ் சொன்னான்: "அண்ணே, மனுசன் திரும்ப தாசில்தாராகுததுக்கு எம்புட்டு நேரம் ஆகுது பாத்தியளா!"

காலிக் கேமராவும் நிறைந்த பந்தியும்

ஆவணியில் இரும்புக்கடை முத்தையா அண்ணாச்சி மகள் கல்யாணம். முந்தின நாள் மறுபடியும் அருவிக்குப் போனபோது அறுபத்துநாலில் வைத்த திருகை நான் பதினாறுக்கு மாற்ற மறந்துபோனேன். லென்ஸின் திறப்பையும்தான். பந்தலுக்குள்ளும் அருவிக்கரையில் இருந்த அதே நிழல் வெளிச்சம்தான் என்பதால் படம் பிழைத்தது, ஃபிலிம் பிழைக்கவில்லை. நாலு மடங்கு வேகமாக ஓடியதில், தாலி கட்டி அட்சதை விழுந்ததும் சுருள் தீர்ந்துவிட்டது. வேறு சுருளும் கிடையாது. காலிக் கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு மூன்று பந்தி சுற்றினேன். எல்லாரும் அப்பளத்தை உயர்த்திச் சிரித்தார்கள்.

அண்ணாச்சிக்கு வேறு கவலை. இலஞ்சியில் தோப்பு வைத்திருக்கும் அவருடைய அண்ணன் சங்கரலிங்கத்தோடு கிணற்றுத் தண்ணீரில் தகராறு. கூடப் பிறந்தவரை வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தார். அண்ணன் வந்தார், தூண் ஓரம் நின்றார், கை நனைக்காமல் போய்விட்டார். அண்ணாச்சி என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: "பொண்ணு தலையில ஒரு மணி அரிசி போடல வே அவரு. கையைக் கட்டிட்டு நின்னாரு. இனி நான் இலஞ்சிப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுச் சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தை ஓட்டினேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். "என்ன வே, தூங்கிட்டா கட்டுதாரு? பந்தி எங்க? எங் கடை ஆளுக எங்க?" என்றார் அண்ணாச்சி. நான் புரொஜெக்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அப்போது அட்சதை கிளம்பியது. அத்தனை பேரும் வீசிய அரிசி தட்டான் கூட்டம்போல் அந்தரத்தில் நின்று, நிதானமாக இறங்கியது: ஐயர் வழுக்கையில், நாதஸ்வரக்காரர் தோளில், முன்வரிசைக்காரர்கள் கழுத்தில். ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றவளின் அட்டிகையைப் பார்த்தபடியே வீசினாள். மணமக்கள்மேல் ஏறக்குறைய ஒன்றும் விழவில்லை. அந்த மழைக்கு நடுவே தூணுக்குப் பின்னாலிருந்து பச்சைக்கல் மோதிரம் போட்ட கை ஒன்று, இரண்டு தலைகளைத் தாண்டி நீண்டு, மணப்பெண்ணின் உச்சிக்கு மேல் மெதுவாக விரிந்தது. "இலஞ்சிப் பெரியவுக கைதானே அது!" என்று கத்தினார் அண்ணாச்சியின் மனைவி. அரிசியைப் போட்ட கை பின்வாங்கி, மறுபடி கட்டிக்கொண்டது. நிஜத்தில் அது ஒரு வினாடி. அண்ணாச்சி அப்போது தாலியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

மூன்று தடவை ஓட்டச் சொன்னார். அப்புறம் பந்தியைப் பற்றிக் கேட்கவில்லை. விளக்கைப் போட்டதும் மனைவியிடம் சொன்னார்: "ஏட்டி, தாம்பாளத்துல வெத்தல பாக்கு வை. நானே போயிக் கூப்பிடுதேன்."

இலஞ்சியில் இரண்டு இலை

என்னையும் புரொஜெக்டரோடு வண்டியில் ஏற்றிக்கொண்டார். அண்ணன் தாம்பாளத்தையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசமாச்சேலே" என்றார். "ஆமாண்ணே. எனக்கு இப்பத்தான் கண்ணு தெரியுது."

தன் கையைத் திரையில் பார்த்த பெரியவர், துண்டை எடுத்து முகத்தை வெகுநேரம் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்து இரண்டு இலை போடச் சொன்னார். எடுக்காமல் விட்ட பந்தியை இப்போதாவது எடுத்துத் தருகிறேன் என்று நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். தம்பி முறைத்தார். சோற்றில் கை வைத்தபடி அண்ணன் சொன்னார்: "வே, இதையும் மெதுவாவே எடும். இவன் அவுக் அவுக்குன்னு தின்னுட்டு எந்திச்சுப் போயிருவான்."

அந்தப் பந்தியை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறேன் என்பது சுருள் பம்பாயிலிருந்து திரும்பியபோதுதான் தெரிந்தது; நல்லவேளையாக, அதற்குள் அண்ணனும் தம்பியும் எத்தனையோ தடவை சேர்ந்து சாப்பிட்டுவிட்டதால், அந்தப் படம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.