அந்தாண்ட கம்பம், இந்தாண்ட வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டு வாசலில் ஓர் ஏணி. ஏணிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேருமே கேபிள் ஆபரேட்டர்கள். இரண்டு பேருமே ஏற மாட்டேன் என்கிறார்கள். நடுவில் நான். மறுநாள் காலைக்குள் வீட்டுக்கு நெட் வராவிட்டால் என் ப்ராஜெக்ட் கையை விட்டுப் போய்விடும்!

ஒரு இன்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கப் போய் பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிட்டேன். எப்படி என்கிறீர்களா?

வெள்ளானூரில் புது வீட்டுக்குக் குடிவந்த கதையை இதே பக்கத்தில் புலம்பியிருக்கிறேன். மூடாத கதவு, திறக்காத ஜன்னல், எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று இன்றுவரை தெரியாத போர்டு... ஞாபகம் இருக்கும். என் கணவர் கார்த்திக்கு வேலை ஆவடியில். பைக்கில் கிளம்பி இரண்டு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் கம்பெனி வாசலில் இருப்பார். எனக்கோ ஊரின் மறுகோடியில், ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் ஆபீஸ். ஷேர் ஆட்டோ, ரயில், மறுபடி ரயில், அப்புறம் பஸ். போய்ச் சேரும்போது எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோகும்.

மேனேஜரிடம் பேசினேன். கெஞ்சவில்லை, காரணங்களை வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"வீட்டிலிருந்தே பாருங்க, பரவாயில்லை. ஆனா வயர் கனெக்‌ஷன் இருக்கணும். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு முன்னாடி ஸ்பீட் டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிடுங்க. இல்லைன்னா ப்ராஜெக்ட்டை வேற ஆளுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வழியில்லை."

அந்த ப்ராஜெக்ட் முதல் வரியிலிருந்து நான் எழுதியது. அதை வேறு ஆளுக்கா? ஒரு வயருக்காகவா?

மொபைல் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வெயிலில் உட்கார்ந்து வேலை பார்த்தால் லேப்டாப்புக்கு முன்னால் நான் ஹேங் ஆகிவிடுவேன். ஃபைபர்? அது ஆவடி வரை வந்துவிட்டது. எங்கள் லேஅவுட்டுக்கு ‘விரைவில்’. இந்த லேஅவுட்டில் ரோடும் விரைவில்தான், தெருவிளக்கும் விரைவில்தான்.

ஆக, மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று டி.எஸ்.எல் — பழைய டெலிபோன் வயரிலேயே நெட்டும் வரும். இன்னொன்று கேபிள் — டிவிக்கு வரும் வயரில் நெட்டையும் சேர்த்துத் தருவார்கள்.

எனக்குக் குழப்பம் வந்தால் எக்ஸெல் ஷீட் திறப்பேன். திறந்தேன். வேகம், நிலைத்தன்மை, மழை பெய்தால் என்னாகும், சாயங்காலம் தெருவே சீரியல் பார்க்கும்போது என்னாகும்... ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் மார்க். கார்த்தி எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் இப்படித்தான் மார்க் போட்டியா?"

"போட்டேன். பொறுமைக்கு நல்ல மார்க்."

"வேகத்துக்கு?"

"போய்க் குக்கரை நிறுத்துங்க."

டி.எஸ்.எல் ஜெயித்தது. வேகம் குறைவு, ஆனால் லைன் நமக்கே நமக்கு. தெருவோடு பங்கு போட வேண்டாம். டெலிபோன் கம்பெனியின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தேன். பச்சை டிக் வந்தது. ‘வாழ்த்துகள்! உங்கள் பகுதியில் சேவை உண்டு!’ சந்தோஷமாக விண்ணப்பித்தேன். அந்தப் பச்சை டிக்கை நம்பியதுதான் முதல் தப்பு.

லைன்மேன் வந்தார். தெருமுனையில் இருக்கும் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"காலி லைன் இல்ல மேடம். எல்லாம் ஃபுல்லு."

"வெப்சைட்ல இருக்குன்னு காட்டுதே?"

"வெப்சைட்டு பொட்டிய பாத்துச்சா? நான் பாத்தேன்."

"அப்போ எனக்கு எப்போ கிடைக்கும்?"

"யார்னா ஒருத்தர் அவங்க லைன சரண்டர் பண்ணா, அடுத்தது உங்களுக்குத்தான்."

"யார் பண்ணுவாங்க?"

"அது எப்படி மேடம் சொல்றது? அவங்கவங்க மனசு."

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாட்டு போட்டார்கள். மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு இனிமையான குரல், "சிஸ்டத்துல காலி லைன் இருக்குன்னு காட்டுது மேடம். எங்க ஆள் வந்து கனெக்‌ஷன் கொடுப்பார்" என்றது. உங்கள் ஆள் வந்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். "மகிழ்ச்சி மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றது குரல். நான் கத்தவில்லை. வைத்துவிட்டேன். அப்புறம் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கொஞ்சம் கத்தினேன்.

சரி, ஷீட்டில் இரண்டாவது இடம் — கேபிள்.

எங்கள் தெருவுக்கு கேபிள்காரர் பாபு. முப்பது வயது இருக்கலாம். போனை எடுத்ததும், "கனெக்‌ஷன்தானே மேடம்? தோ வந்துகினே கீறேன்" என்றார். சொன்ன மாதிரியே வந்தார். ஆஹா என்று நினைத்தேன். வீட்டைப் பார்த்தார், எதிரில் நிற்கும் கரன்ட் கம்பத்தைப் பார்த்தார், முகம் மாறியது.

"மேடம், உங்க ஊடு இந்தாண்ட கீது. நம்ம ஏரியாதான். ஆனா கம்பம் அந்தாண்ட கீதே!"

"அதனால என்ன? ரோட்டைத் தாண்டினா கம்பம். பந்து போட்டாக்கூட போய் விழும்."

"பந்து போவும் மேடம். வயரு போவாது. அந்தாண்ட சேகர் ஏரியா. அவரு கம்பத்துல நான் கை வெக்கறதில்ல."

"உங்க பக்கம் கம்பம் இல்லையா?"

காலி மனைகளுக்கு அப்பால் தூரத்தில் ஒரு கம்பத்தைக் காட்டினார். "அதான் நம்ம கடேசி கம்பம். நடுவுல ஒரு ஊடு கூட இல்ல. வயர எத்து மேல போட்டு இஸ்துகினு வர்றது? முள்ளுச்செடி மேலயா?"

கம்பம் என்னவோ கரன்ட்டுக்காக நட்டது. அதை ஏரியா பிரித்துக்கொண்டது இவர்கள். இதற்கு ரூல் புத்தகம் ஏதும் கிடையாது. ஆனால் எந்த ரூல் புத்தகத்தையும் நம் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றி நான் பார்த்ததில்லை!

எதிர்க் கம்பத்தில் தொங்கிய பெட்டியில் சேகரின் நம்பர் இருந்தது. அவரைக் கூப்பிட்டேன். வயது கொஞ்சம் கூடிய குரல்.

"எந்தாண்ட ஊடும்மா? இரும்பு கேட்டு போட்டு கீதே, அதுவா? அது பாபு ஏரியாம்மா. நான் வந்தேன்னா, அவன் கஸ்டமர நான் புட்ச்சேன்னு ஊரு பூரா சொல்லுவான். எனக்கு எதுக்கும்மா பேஜாரு?"

வீடு ஒருவர் ஏரியா, கம்பம் இன்னொருவர் ஏரியா. அன்றைக்கு சனிக்கிழமை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு டீம்களும் ‘தப்பு எங்கள் பக்கம் இல்லை’ என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தால், இருவரையும் ஒரே வீடியோ காலில் சேர்த்துவிடுவோம். முகத்துக்கு நேரே யாரும் அவ்வளவு தைரியமாக மறுக்க மாட்டார்கள். அதையே இங்கும் செய்தேன். பாபுவை ஞாயிறு காலை வரச் சொன்னேன். சேகரையும் அதே நேரத்துக்கு வரச் சொன்னேன். ஒருவர் வருவதை இன்னொருவரிடம் சொல்லவில்லை. எவ்வளவு புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பாபு ஏணியோடு வந்தார். சேகர் பைக்கில் வயர்ச் சுருளோடு வந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இவர எதுக்கு மேடம் கூப்ட்டீங்க?"

"டேய், நானா வந்தேன்? அந்தப் பொண்ணு மரியாதையா பேரு சொல்லிக் கூப்ட்டுச்சு, வந்தேன். உன் ஊட்டு விசேசம் மாரி நெனச்சுக்கினியா?"

"மாமே, அந்த மேட்டர இங்க எடுக்காத."

மாமாவா!

"ஏன் எடுக்கக் கூடாது? கிரகப்பிரவேசப் பத்திரிகையில உன் சித்தப்பா பேரு கீது. ஒண்ணுவுட்ட பெரிப்பா பேரு கீது. பாத்தே இருக்காத மச்சினன் பேரு கீது. கூடப் பொறந்த அக்கா புருசன் பேரு எங்கடா?"

"பிரஸ்காரன் உட்டுட்டான்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"பிரஸ்காரன் உட்டான். நீ படிச்சுப் பாக்கல?"

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு விஷயம் விளங்கியது. பாபுவின் அக்காவைக் கட்டியவர் சேகர். கம்பம் ஏறவே பாபுவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இரண்டு பேரும் ஒரே கேபிள் ஆபீஸாக நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பத்திரிகைக்குப் பிறகு பேச்சு நின்றுபோய், ரோட்டை எல்லையாக வைத்துத் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எல்லையில், ஹோம் லோன் போட்டு, நாங்கள் வீடு வாங்கியிருக்கிறோம்.

வீடு வாங்கும்போது வில்லங்கம் பார்த்தோம். பட்டா பார்த்தோம். பக்கத்தில் ஏரி இருக்கிறதா என்று பார்த்தோம். கேபிள்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை யார் பார்ப்பது?

கார்த்தி டீ கொண்டுவந்தார். நெருக்கடியில் அவரால் முடிந்த உதவி அது. ஒரே தட்டிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசை பார்த்துக் குடித்தார்கள். குடித்து முடித்ததும் பாபு ஏணியைத் தூக்கினார். சேகர் பைக் சாவியை எடுத்தார். அவ்வளவுதான், போகப் போகிறார்கள். என் ப்ராஜெக்ட்டும் கூடவே கிளம்புவது எனக்குத் தெரிந்தது.

அப்போது சேகரின் போன் அடித்தது.

"தோ, வந்துகினே கீறேன் செல்வி. இங்க உன் தம்பியாண்ட சும்மா ஒரு பேச்சு..."

"அண்ணா, அக்காவா? ஒரு நிமிஷம் தாங்க" என்று கையை நீட்டினேன். என்ன தோன்றியதோ, கொடுத்துவிட்டார்.

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் மூன்றே பாயின்ட்டில் சொன்னேன். ஒன்று, நாளைக் காலைக்குள் நெட் வராவிட்டால் நான் உருவாக்கிய வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இரண்டு, வீடு உங்கள் தம்பி பக்கம், கம்பம் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். மூன்று, இரண்டு பேரும் என் வாசலில் பத்திரிகைக் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெருமூச்சு கேட்டது. "ஸ்பீக்கர்ல போடும்மா."

போட்டேன்.

"பாபு."

"சொல்லுக்கா."

"ஏணி யாருது?"

"என்துதான்."

"வயரு?"

"மாமாது."

"அப்பால இன்னாடா? நீ ஏணியப் புடி. அவரு ஏறட்டும்."

"செல்வி, நான் இன்னா சொல்ல வரேன்னா..." என்று ஆரம்பித்தார் சேகர்.

"மேல ஏறிப் போய் சொல்லு. லைனு உன்து, கஸ்டமரு அவன்து. முடிஞ்சுது. உங்க ரெண்டு பேரு கோவத்துல நான் தம்பி ஊட்டுப் படி மிதிக்காம கீறது பத்தாதா? அந்தப் பொண்ணு பொழப்பையும் கெடுக்கணுமா?"

போன் கட் ஆனது. கார்த்தி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே நழுவினார்.

பாபு ரோட்டைக் கடந்து, ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார். சேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பாதியில் நின்றார். கீழே பார்க்கவில்லை.

"கெட்டியா புட்ச்சுகினு கீறியாடா?"

"உட மாட்டேன் மாமே. ஏறு."

பேச்சு நின்றபின் அவர்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவையாகத்தான் இருக்கும். கீழிருந்து நான், "அண்ணா, வயரைக் கொஞ்சம் உயரமா கட்டுங்க, லாரி வரும்" என்றேன்.

மத்தியானத்துக்குள் நெட் வந்தது. ஸ்பீட் டெஸ்ட் போட்டேன், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். மேனேஜர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜி ஒன்றை அனுப்பினார். இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு கட்டைவிரல்! திங்கட்கிழமை மீட்டிங்கில் ப்ராஜெக்ட் என்னிடமே இருந்தது.

அந்த மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே டெலிபோன் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ். ‘உங்கள் இணைப்பு வெற்றிகரமாக வழங்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?’ எந்த இணைப்பு? யாருக்கு வழங்கப்பட்டது? என் லைனில் இப்போது யார் நெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? கேட்கப் போனால் மறுபடி அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு மணல் லாரி வந்து வயரை அறுத்துக்கொண்டு போனது. உயரமாகக் கட்டச் சொன்னேனா இல்லையா? பாபுவைக் கூப்பிட்டேன். "லைனு மாமாது மேடம், அவரக் கேளுங்க." சேகரைக் கூப்பிட்டேன். "கஸ்டமரு அவன்துமா, அவனக் கேளு."

நான் இருவரிடமும் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வைத்திருந்த நம்பரில் செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். டீக்குப் பால் காய்வதற்குள் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

புது வீட்டுக்கு நெட் வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களே, டி.எஸ்.எல்லா கேபிளா என்று என்னைக் கேட்டு மெயில் அனுப்பாதீர்கள். என் எக்ஸெல் ஷீட்டில் வேகத்துக்கும் மேலே, முதல் வரிசையாக, புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: ‘லைன் போடுகிறவர் வீட்டில் யாருக்குப் பயப்படுவார்?’