சும்மா நிற்கச் சொன்ன யோகா டீச்சர்

இன்று காலை மயிலாடுதுறையில், கல்யாண மண்டபத்து மாடியில் யோகா வகுப்பு. டீச்சர் லண்டனில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

ஆசனத்துக்கு முன் அரைமணி நேரம் தத்துவம்.

“வெள்ளைக்காரன் நாட்ட விட்டுப் போயிட்டான். நம்ம உடம்ப விட்டு இன்னும் போகலைங்க” என்றார்.

பிறகு, “எல்லாரும் எழுந்து சும்மா நில்லுங்க.”

இருபது பேரும் குதிகாலை ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூட அட்டென்ஷனில் நின்றோம்.

“ஐயோ, உடம்பத் தளர்த்துங்க!”

இருபது இடது கால்களும் ஒன்றாக விலகின. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. ஸ்டாண்ட் அட் ஈஸ்.

டீச்சர், “வகுப்பு முடிஞ்சுதுங்க” என்றார்.

யாரும் அசையவில்லை.

பின்வரிசையிலிருந்து ரிடையர்டு பி.டி. மாஸ்டர், “டிஸ்பர்ஸ்!” என்றார். மாடி காலியானது.

சும்மா நிற்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். டீச்சர் தேடுகிறார்.