வெண்டைக்கு ஊற்றிய தண்ணீர்

அந்த வெண்டைச் செடிகளுக்கு முன் எங்கள் வீட்டில் யாரும் ஒரு கீரைகூட வளர்த்ததில்லை. எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவுக்குக் காலையில் கம்பெனி வேன் வரும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். அம்மாவும் அப்படித்தான். பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பது அவள் வேலை. காகிதக் கூட்டில் மருந்தைப் போட்டு இறுக்கமாக அழுத்த வேண்டும். அப்பா திருத்தங்கலில் அச்சகத்தில் இருந்தார். காலண்டர் சீசன் வந்துவிட்டால் அவர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான்.

நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அம்மாவின் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் வெடித்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று அவள் வந்து சேரும்வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை. அவளுடைய கம்பெனியையும் சோதனைக்காக மூடினார்கள். திறந்தாலும் அவள் இனி அந்த வேனில் ஏறக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சும்மா இருக்க அம்மாவால் முடியாது. துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள். கைக்கு வேலை இல்லையென்றால் கோபம் வரும், அர்ச்சனை எனக்கு விழும். அதனால் வாசலில் காய்கறி போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். போனில் பார்த்த வீடியோக்காரர்கள் எல்லாரும் தேங்காய்நார்த் தூள் வாங்கச் சொன்னார்கள்.

“ஏன், அங்கன கெடக்குற கரிசல் மண்ணு ஆகாதாக்கும்?” என்றாள் அம்மா.

“இது காய்ச்சா வீட்டுலயே இருப்பியாம்மா?”

“காய்க்கட்டும், பாப்போம்.”

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

எப்போதோ புஸ்வாணத்துக்கு வீட்டில் காகிதக் கூடு உருட்டியதில் கோணலாகிப்போனவை ஒரு சாக்கில் கிடந்தன. நாற்றுவிட அதுவே போதும் என்று அம்மா அவற்றில் மண்ணை நிரப்பி வெண்டை, கொத்தவரை, கத்தரி விதைகளைப் போட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை. காலையில் எழுந்ததும் அவற்றின் முன்னால் போய்க் குத்தவைப்பேன். கடைசியில் பொறுமை போய் ஒரு கூட்டைக் கிழித்தேன். மண் கல்லாக வந்தது. நகம் இறங்கவில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே விதை நசுங்கிக் கிடந்தது.

அம்மா அதை வாங்கி உருட்டிப் பார்த்தாள். “மருந்துன்னு நெனச்சு இறுக்கிப்புட்டேன் போல, புள்ள” என்று சிரித்தாள். கம்பெனி மூடிய பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அடுத்த முறை மணலும் சாணி எருவும் கலந்தோம். அழுத்தப் போகும் கையை அவளே “ஏய், சும்மா இரு” என்று அதட்டிக்கொண்டு, மண்ணை மெல்லத் தூவினாள். முளைத்தது. நாற்றுகளை வாசல் கரிசலில் நட்டோம். அந்தக் காலை நேரங்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன். டீ டம்ளரோடு செடிகளுக்கு நடுவே உட்காருவோம். கூட வேலை பார்ப்பவர்களில் யார் பாடுவார்கள், யார் குழம்பை யார் பிடுங்கித் தின்பார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்குச் செடி வளர்வது மட்டும்தான் தெரிந்தது. அவள் பேச்செல்லாம் அவர்கள் மருந்து அடைக்கும் கம்பெனி ஷெட்டைப் பற்றியே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

வெண்டை காய்த்தது. முதல் காயைப் பறித்துப் பச்சையாகவே கடித்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கம்பெனி திறந்த அன்று காலையில் நிறையக் காய் பறித்து வதக்கித் தூக்குவாளியில் வைத்தாள்.

“காய்ச்சா இருக்கேன்னு சொன்னியே?”

“இம்புட்டு நாளு இருந்தேன்ல. அவுக எல்லாரும் அங்கன போகையில நான் மட்டும் செடிக்குக் காவலு இருக்கவா?”

வேனில் ஏறிவிட்டாள். வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. பூவும் பிஞ்சுமாக நின்றவற்றைத் தொட மனம் வரவில்லை.

வேன் வரும் நேரத்தில் நான் வாசலில் நின்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. “எனக்கு என்ன ஆயிப்போகும்னு இப்படி நிக்க?” என்பாள். கையில் குடம் இருந்தால் ஒன்றும் கேட்கமாட்டாள். அதனால் சாயங்காலமானால் தண்ணீர் ஊற்றினேன். வேன் தாமதமானால் இன்னொரு குடம். இன்னும் காணவில்லையென்றால் மறுபடியும். கரிசல் மண் குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. இலைகள் மஞ்சளாகின. செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

ஒரு நாள் வேனிலிருந்து இறங்கியவள் நேரே வந்து ஒரு வெண்டைச் செடியைப் பிடித்து இழுத்தாள். அழுகிய வேரோடு கையில் வந்துவிட்டது.

“நல்லா காய்ச்ச செடிய இப்படிப் பண்ணி வச்சிருக்க. எம்புட்டுத் தண்ணிதான் ஊத்துவ?”

“நீ வர்ற வரைக்கும்” என்றேன்.

அம்மா அந்தச் செடியைக் கீழே போடாமல் அப்படியே நின்றாள்.